நீடாமங்கலம் கேட்

கேட் போட்டாயிற்று.
டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு
டீக்கடைப் பக்கம் இறங்கிப் போகிறார் என்றால்
கூட்ஸ்தான்.

மடியில் இருக்கிறது ஃபைல்.
தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில்
லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில்
தில்லைக்கரசி என்ற பெயருக்குத் திறந்தது.
வயது முப்பத்து நான்கு. திருமணம் ஆகாதவர்.
உடன் வந்தவர்: ரெஜினா.
உறவு என்ற இடத்தில் என் பேனா கொஞ்சம் நின்று
பிறகு 'தோழி' என்று எழுதியது.
பதினோரு வருடம் ஒரே கொசுவலை.
அதற்கு ஒரு கட்டம் அச்சடிக்கவில்லை.

டாக்டரிடம் நான்தான் முதலில் கேட்டேன்.
என் முட்டை, அவள் வயிறு, ஆகுமா?
நாற்று விடுவது ஒரு வயல், நடுவது ஒரு வயல்,
எங்கள் பக்கம் யாரும் அதைத் தப்பு என்பதில்லை மேடம்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கைக்கு ஆகும், சட்டத்துக்கு ஆகாது என்றார்.
யாரென்றே தெரியாதவள் முட்டை என்றால் சரியாம்,
தெரிந்தவள் என்றால் கூடாதாம்.

தில்லை விடவில்லை. கணக்கு டீச்சர்.
'தோல் அணுவிலிருந்தே விதை செய்றாங்களாமே?
ரெண்டு பேருக்கும் சரிபாதியா?'
'எலிக்கு.'
'மனுஷிக்கு?'
'வரும். உங்க வயசு அதுவரைக்கும் நிக்காது.'

நான் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறவள்.
பதினேழுக்கு மேல் முள் போனால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிற கை இது.
ரோட்டில் நெல்லைக் கொட்டிவைத்து
எட்டு ராத்திரி அதன் பக்கத்திலேயே
படுத்துக் கிடந்தவர்களிடம்
'வரும், இருங்க' என்று நானும் சொல்லியிருக்கிறேன்.
அந்தச் சொல் இந்தப் பக்கமிருந்து
இப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு சின்னப் பெண் வந்தாள்.
விந்து வங்கிக்கு அனுப்பும் தாள் அவள் கையில்.
'வழக்கமா கணவர் சாயலுக்குப் பொருந்துற மாதிரி கேப்போம்.
உங்களுக்கு அப்படி ஒண்ணும்...'
எழுதிக்கோங்க என்றாள் தில்லை,
கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும் குரலில்.
நிறம் கறுப்பு. மாநிறம் இல்லை, கறுப்பு.
உயரம் அஞ்சடி.
'மேடம், ஆம்பளைக்கு அது ரொம்பக் குட்டை.'
'சரி, இருக்கிறதுல குட்டை.'
சுருட்டை முடி. ரத்தம் பி நெகட்டிவ்.
முன்பல் ரெண்டுக்கும் நடுவில் சந்து.
கோவம் வந்தா காது முதல்ல சுடும்.
'அதுக்குக் கட்டம் இல்ல மேடம்.'
'ஓரத்துல எழுதுங்க.'

நிமிராமல்
ஓரத்தில் எழுதினாள் அந்தப் பெண்.
எழுதி முடித்து ஒரே ஒரு தடவை
என் வாயைப் பார்த்தாள்.
நான் உதட்டைச் சேர்த்துக்கொண்டேன்.

கூட்ஸ் வருகிறது.
முழுக்க நெல். எங்கள் மூட்டைகளும் இதில் இருக்கலாம்,
எங்கே போய் யார் உலையில் வேகுமோ.
பெட்டிகளை எண்ணினேன்.
பத்தொன்பதில் தில்லை
'வீட்ல மாவு இருக்கா?' என்றாள்.
விட்டுப்போயிற்று.

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா
திரும்பி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
'அக்கா தங்கச்சியா? அச்சு அசல் ஒரே ஜாடை.'
இவள் சிவப்பு. என்னைவிட முக்கால் அடி உயரம்.
இவள் பல்லில் சந்தே இல்லை.
ஆமாங்க என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
தில்லை கையை நீட்டி
என் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

கேட் ஏறிவிட்டது.
டிரைவரைக் காணோம்.
பின்னால் கொரடாச்சேரி வரைக்கும் கேட்கிற மாதிரி
எல்லா வண்டியும் ஹார்ன் அடிக்கின்றன.